லினக்ஸா, விண்டோஸா? மாட் போட்டு ஆடுபவர்களுக்கான கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "இந்த கேம் லினக்ஸில் ஓடுமா" என்ற ரகம். 2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்தும் வால்வ், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டானை வெளியிட்ட பிறகு, தனியாக ஆடும் கேம்களைப் பொறுத்தவரை இது பெரிய கேள்வியே இல்லை. பெரும்பாலும் ஓடும். மாட் (ரசிகர்கள் எழுதி கேமில் சேர்க்கும் மாற்றங்கள்) போடுபவர் கேட்க வேண்டியது வேறு: என் மாட்கள் கேமுக்குள் எந்த வழியாக நுழைகின்றன? அவற்றைச் சீர்செய்ய நான் எந்தெந்தக் கருவிகளை நம்பியிருக்கிறேன்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த இயங்குதளம் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

பனிமலை: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன். சுமார் 400 மாட், எல்லாம் மாட் ஆர்கனைசர் 2 வழியாக. லினக்ஸுக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் மாட் ஆர்கனைசர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு மாறுங்கள்.

அது மாட் கோப்புகளை கேமின் டேட்டா ஃபோல்டரில் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. ஒவ்வொரு மாடும் தன் ஃபோல்டரிலேயே இருக்கும். மாட் ஆர்கனைசரிலிருந்து கேமைத் தொடங்கும்போது, "இந்தக் கோப்பைத் திற" என்று கேம் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் அது இடையில் பிடித்து, எல்லா மாட்களும் ஒரே ஃபோல்டரில் இருப்பதைப் போலக் காட்டுகிறது. இது நடக்க வேண்டுமானால் கேமும் மாட் ஆர்கனைசரும் ஒரே விண்டோஸுக்குள் இருக்க வேண்டும். லினக்ஸில் அந்த விண்டோஸ் எது? ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக உருவாக்கும் ப்ரிஃபிக்ஸ், அதாவது விண்டோஸைப் போன்ற ஒரு ஃபோல்டர் அமைப்புதான். ஸ்கைரிம் எஸ்இ-க்கு அது ஸ்டீமின் கம்பாட்டேட்டா ஃபோல்டருக்குள் 489830 என்ற எண்ணில் இருக்கும். மாட் ஆர்கனைசரை அந்த ப்ரிஃபிக்ஸில்தான் ஓட்ட வேண்டும். எஸ்கேஎஸ்இ (ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் வசதிகளை விரிவாக்கும் கருவி) லோடரை அதற்குள்ளிருந்து தொடங்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று வேறு ப்ரிஃபிக்ஸுக்குப் போய்விட்டால், கேம் மாட் எதுவும் இல்லாமல் வெறுமனே திறக்கும்.

இனி உங்கள் 400 மாட்களையும் பிரித்துப் பாருங்கள். டெக்ஸ்ச்சர், மெஷ், ஒலி, சாதாரண ப்ளகின் இவற்றுக்கெல்லாம் இயங்குதளம் ஒரு பொருட்டே இல்லை. எஸ்கேஎஸ்இ டிஎல்எல்கள் (விண்டோஸ் நிரல் நூலகக் கோப்புகள்) கேமின் பதிப்பைத்தான் பார்க்கும். ப்ரோட்டானின் அடித்தளமான வைன் அவற்றை ஏற்றிவிடும். உண்மையான வேலை சுற்றியிருக்கும் கருவிகளில்தான்: எக்ஸ்எடிட் (ப்ளகின் திருத்தி), பாடிஸ்லைடு (உடல் வடிவம்), அனிமேஷன் ஜெனரேட்டர்கள், டின்டாலாட் (தொலைவுக் காட்சி). சிலவற்றுக்கு ப்ரிஃபிக்ஸுக்குள் டாட்நெட் நிறுவித் தர வேண்டும். ஏதாவது பிழை வந்தால், அதை எழுதியவர் விண்டோஸில் மட்டுமே சோதித்திருப்பார், "விண்டோஸில் வருகிறதா" என்றுதான் கேட்பார். வாரா வாரம் மாட் பட்டியலை மாற்றி டின்டாலாட் ஓட்டுகிறவர் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். ஒரு முறை கட்டிவிட்டு ஆறு மாதம் ஆடுகிறவர் என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் சேவ், ஐஎன்ஐ (அமைப்பு) கோப்புகள் அந்த ப்ரிஃபிக்ஸின் டாகுமென்ட்ஸுக்குள் இருக்கின்றன. "ஏதோ சரியில்லை, ப்ரிஃபிக்ஸை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி" என்று யாராவது சொன்னால், முதலில் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.

குறும்பன்: எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) நல்லது?

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துவது. புதிதாக வருகிறீர்கள் என்றால், கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிராஃபிக்ஸ் டிரைவரும் அடிக்கடி புதுப்பிக்கப்படும் எதுவாக இருந்தாலும் சரி.

செங்கல்: மைன்கிராஃப்ட்?

ஜாவா எடிஷன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லினக்ஸ். மாட்களை ஏற்றும் ஃபோர்ஜ், ஃபேப்ரிக் இரண்டும் ஜாவாவில்தான் ஓடுகின்றன. ப்ரிஸம் லாஞ்சர் போட்டால் மாட்பேக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பெட்ராக் எடிஷன் என்றால் விண்டோஸ்.

வேகன்: வேலொரண்ட் லினக்ஸில் வருமா அண்ணா? அபெக்ஸ்?

இரண்டும் வராது. வேலொரண்டின் ஆன்டி-சீட்டான (ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள்) வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸைத் தடுத்துவிட்டது. ஆன்டி-சீட் இருக்கும் ஆன்லைன் கேமில் மாட் போடுவது பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது கணக்கு முடக்கத்தில்தான் போய் நிற்கும்.

கடலோரம்: யூனிட்டி கேம் ஒன்றை ப்ரோட்டானில் ஓட்டுகிறேன். பெப்இன்எக்ஸை கேம் ஃபோல்டரில் போட்டேன். கேம் திறக்கிறது, மாட் மட்டும் வரவில்லை.

எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் காரணத்தோடு சொல்கிறேன். மாட்களை ஏற்றும் பெப்இன்எக்ஸ் கேமுக்குள் நுழைய வின்எச்டிடிபி என்ற பெயரில் ஒரு டிஎல்எல்லை கேம் ஃபோல்டரில் வைக்கிறது. விண்டோஸ் முதலில் கேம் ஃபோல்டரில் தேடும், கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், மாட் உள்ளே வந்துவிடும். வைனிடம் அதே பெயரில் சொந்தமாக ஒரு டிஎல்எல் இருக்கிறது. அது தன்னுடையதை எடுத்துக்கொண்டு உங்கள் கோப்பை விட்டுவிடுகிறது. அதனால்தான் பிழைச் செய்தியும் வருவதில்லை.

ப்ரிஃபிக்ஸ்களைத் திருத்த உதவும் ப்ரோட்டான்ட்ரிக்ஸில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து வைன் அமைப்புப் பெட்டியைத் திறங்கள். லைப்ரரீஸ் பக்கத்தில் வின்எச்டிடிபி என்று சேர்த்து, 'நேட்டிவ், அப்புறம் பில்ட்-இன்' என்று வையுங்கள். பெப்இன்எக்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு லாக் கோப்பு புதிதாக உருவாகியிருந்தால் வேலை முடிந்தது. லாக் உருவாகவே இல்லை என்றால் டிஎல்எல் இன்னும் ஏறவில்லை. அதுவரை மாட் கோப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

நியான்: சைபர்பங்க் 2077-இல் சைபர் எஞ்சின் ட்வீக்ஸ் வரவில்லை.

மேலே கடலோரத்துக்குச் சொன்னதேதான். உங்களுக்கு வெர்ஷன், வின்எம்எம் என்று இரண்டு டிஎல்எல்கள்: முதலாவது சைபர் எஞ்சின் ட்வீக்ஸுக்கு, இரண்டாவது ரெட்4எக்ஸ்ட் என்ற இன்னொரு மாட் கருவிக்கு. கூடவே ப்ரிஃபிக்ஸில் விஷுவல் சி++ 2022 ரன்டைமும் வேண்டும்.

மலைப்பாதை: விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் வைத்திருக்கிறேன். கேம்கள் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பார்ட்டிஷனில். இரண்டிலிருந்தும் அதையே ஆடலாமா?

வேண்டாம். ப்ரிஃபிக்ஸுக்குள் டிரைவ் எழுத்துகள் பெயரிலேயே முக்காற்புள்ளியோடு சிம்லிங்க்காக (வேறு இடத்தைக் காட்டும் இணைப்பாக) இருக்கும். விண்டோஸ் அப்படிப்பட்ட கோப்புப் பெயரை ஏற்காது. ஒரு நாள் விண்டோஸ் டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று உள்ளே போய் அவற்றைக் கலைத்துவிடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் அது முழுமையாக அணையாமல் விட்ட பார்ட்டிஷன் லினக்ஸில் எழுத முடியாமல் நிற்கும். கேமை இரண்டு முறை இறக்குவதற்கு இடம் இல்லையென்றால், ஒரு கேமுக்கு ஒரு இயங்குதளம் என்று பிரித்துவிடுங்கள்.

ஏழாம்கதவு: லினக்ஸில் ஆர்க்கைவைப் பிரித்து டேட்டா ஃபோல்டரில் போட்டேன். சில டெக்ஸ்ச்சர்கள் வருகின்றன, சில வரவில்லை. ஏன்?

டேட்டா ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பெரிய டி-யில் ஒரு டெக்ஸ்ச்சர்ஸ், சின்ன டி-யில் ஒரு டெக்ஸ்ச்சர்ஸ் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. வைன் விண்டோஸைப் போல பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்க்காமல்தான் தேடும், ஆனால் இரண்டு இருக்கும்போது ஒன்றைத்தான் பிடிக்கும். மற்றதில் இருப்பது கேமின் கண்ணில் படாது. இரண்டையும் ஒன்றாக்குங்கள், உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களையும் சேர்த்துத்தான். இனிமேல் கையால் பிரிக்காமல் ப்ரிஃபிக்ஸுக்குள் ஓடும் மாட் மேனேஜர் வழியாகவே நிறுவுங்கள்; அது வைன் மூலமாக எழுதுவதால் இரட்டை ஃபோல்டர் உருவாகாது.

கல்தூண்: இதைத்தான் சொல்கிறேன். விண்டோஸில் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரே பெயருக்கு இரண்டு ஃபோல்டர் என்பது லினக்ஸின் வீண் பிடிவாதம்.

தொல்லை உண்மைதான். பிடிவாதம் என்பதை ஏற்க மாட்டேன். என்டிஎஃப்எஸ்ஸுக்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தெரியும். விண்டோஸ் 10-இல் 2018 முதல் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அந்த வித்தியாசத்தைக் கட்டாயமாக்கும் வசதியும் இருக்கிறது. வழக்கமாக அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது விண்டோஸ் எடுத்த முடிவு. லினக்ஸ் எடுத்த முடிவு வேறு.

கொல்லன்: நான் ஒரு மாட் எழுதுபவன். என்னிடம் லினக்ஸ் இல்லை. எக்ஸ்எம்எல்லில் பெரிய எழுத்திலும் கோப்பில் சின்ன எழுத்திலும் பெயர் இருக்கிறது என்று புகார் வந்துகொண்டே இருக்கிறது. என்னிடம் இல்லாத ஒன்றுக்காக நான் ஏன் உழைக்க வேண்டும்?

உழைக்க வேண்டாம். எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தில் வைத்துவிடுங்கள், ஃபோல்டர், கோப்பு, எக்ஸ்எம்எல் மூன்றிலும். லினக்ஸ் இல்லாமலேயே பிரச்சினை தீர்ந்தது. ஒரு மாட் எழுத எத்தனை இரவுகள் போகும் என்று எனக்குத் தெரியும், இலவசமாகத் தருபவரிடம் யாரும் அதட்டிக் கேட்கக் கூடாது. ஆனால் புகார் சொல்பவர் உங்கள் மாடை விரும்பித்தான் வந்திருக்கிறார். அதையும் பாருங்கள்.

கல்தூண்: ஆக, ஆயிரக்கணக்கான மாட் எழுதுபவர்கள் மாற வேண்டும், லினக்ஸ் மாறாது. சரிதானா?

லினக்ஸ் ஏற்கெனவே மாறிவிட்டது. 2019-இல் வந்த 5.2 கெர்னலில் இருந்து லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் கேஸ்ஃபோல்ட் என்ற வசதி இருக்கிறது. பார்ட்டிஷனில் அதை இயக்கிவிட்டு, ஒரு காலி ஃபோல்டருக்கு அந்தக் குறியைப் போட்டால், அதற்குள் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். காலி ஃபோல்டர் என்பது முக்கியம், கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் பின்னால் போட முடியாது. மாட் போடுபவர்கள் கேம்களுக்கென்று இப்படி ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டால் இந்த வகைப் பிழை மொத்தமும் போய்விடும். இன்னொரு கோப்பு முறையான பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த வசதி இல்லை.

ஓடக்காரன்: கல்தூண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாதாரணமாக ஆடுகிறவன் பார்ட்டிஷன் குறிகளைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?

படிக்க வேண்டியதில்லை, அப்படிப்பட்டவர் விண்டோஸில் இருப்பதில் தவறே இல்லை. ஆனால் விண்டோஸில் படிக்க எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் கேமை நிறுவினால் மாட் கருவிகள் எழுத அனுமதி இல்லாமல் தவிக்கும். டாகுமென்ட்ஸை ஒன்டிரைவ் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் ஐஎன்ஐ கோப்பைத் தேட வேண்டியிருக்கும். 260 எழுத்துப் பாதை வரம்பில் ஆழமான மாட் ஃபோல்டர்கள் முட்டிக்கொண்டு நிற்கும். இவற்றை எல்லோரும் ஏற்கெனவே கற்றுக்கொண்டு மறந்துவிட்டார்கள். லினக்ஸின் தொல்லைகள் புதியவை என்பதால் பெரிதாகத் தெரிகின்றன. பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். இதே விஷயத்தில் இன்னும் பல கேள்விகள் வந்திருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் பதில் மேலே இருக்கிறது.

வயல்வெளி: ஸ்டார்டியூ வேலி லினக்ஸில் மாட்களோடு?

நன்றாக ஓடும். அதன் மாட்களை ஏற்றும் ஸ்மாபிக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

பழையகோட்டை: மாரோவிண்ட். ஓப்பன்எம்டபிள்யூவா, பழைய எஞ்சினா?

எனக்குப் பிடித்த கேள்வி. மாரோவிண்டுக்காக ரசிகர்கள் புதிதாக எழுதிய எஞ்சினான ஓப்பன்எம்டபிள்யூ லினக்ஸிலேயே நேரடியாக ஓடும், வைன் வேண்டாம். மாட் ஒவ்வொன்றையும் தனி ஃபோல்டராக வைத்து, அமைப்புக் கோப்பில் வரிசையாகப் பாதைகளை எழுதினால் போதும். அடுத்தது முந்தையதை மேலெழுதும். மாட் மேனேஜர் செய்யும் வேலையை எஞ்சினே செய்துவிடுகிறது. கேம் கோப்புகள் தொடப்படுவதே இல்லை. ஆனால் எம்டபிள்யூஎஸ்இ (பழைய எஞ்சினுக்கான ஸ்கிரிப்ட் விரிவாக்கி) தேவைப்படும் மாட்கள் அதில் ஓடாது. அதனால் உங்கள் பட்டியலை எடுத்து, எம்டபிள்யூஎஸ்இ என்று எழுதியிருப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் ஆட முடியாது என்றால் பழைய எஞ்சின், விண்டோஸ். மற்றபடி ஓப்பன்எம்டபிள்யூ, லினக்ஸ்.

தூரிகை: எந்த டிஸ்ட்ரோ போடலாம்?

மேலே பதில் இருக்கிறது.

இடிமுழக்கம்: நிறைய மாட் போட்டதும் லினக்ஸில் கேம் லோடிங்கின்போதே விழுகிறது. விண்டோஸில் அதே பட்டியல் ஓடுகிறது. நினைவகம் 32 ஜிபி.

நினைவகம் தீரவில்லை, ஒரு நிரல் வைத்திருக்கக்கூடிய நினைவகத் துண்டுகளின் எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். கெர்னலில் மேக்ஸ் மேப் கவுன்ட் என்ற அமைப்பு. பழைய இயல்பு மதிப்பு 65530, கனமான கேம்களுக்கு அது போதாது. ஃபெடோரா 39, உபுண்டு 24.04 முதல் அதை 1048576-க்கு உயர்த்திவிட்டார்கள். உங்களுடையது எவ்வளவு என்று பாருங்கள், குறைவாக இருந்தால் உயர்த்துங்கள். அப்போதும் விழுந்தால் மாட்களைப் பாதி பாதியாக நிறுத்திச் சோதியுங்கள். ப்ரிஃபிக்ஸை அழிப்பது கடைசி வழி, அதற்கு முன் சேவ் கோப்புகளை எடுத்து வையுங்கள்.

புதியவன்: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. என் கணினியில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) இல்லை, விண்டோஸ் 11 போட முடியாது. ஃபால்அவுட் நியூ வேகஸ் மட்டும்தான் மாட்களோடு ஆடுவேன்.

2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு லினக்ஸைத் தயங்காமல் சொல்வேன். நியூ வேகஸ் 2010-இல் வந்த 32 பிட் கேம். விண்டோஸில் அது 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொட 4 ஜிபி பேட்ச் போட வேண்டும். ப்ரோட்டான் அந்த அனுமதியை இயல்பாகவே தருகிறது. பேட்சை அப்போதும் போடுங்கள், ஏனென்றால் எக்ஸ்என்விஎஸ்இ (நியூ வேகஸின் ஸ்கிரிப்ட் விரிவாக்கி) தானாக ஏறுவதற்கும் அது உதவுகிறது. டைரக்ட்எக்ஸ் 9-ஐ வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே ப்ரோட்டானோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் கார்டு வல்கனை ஆதரிக்க வேண்டும், மிகப் பழைய கார்டு என்றால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

சாம்பல்: மாட் ஆர்கனைசரில் எல்லாம் டிக் போட்டிருக்கிறேன். ஸ்டீமில் ப்ளே அழுத்தினால் மாட் எதுவும் இல்லை.

பனிமலைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். மாட் ஆர்கனைசருக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். விண்டோஸிலும் இப்படித்தான்.

ஈரக்காற்று: எனக்கும் மாட் எதுவும் வரவில்லை, ஸ்டீமில் ப்ளே அழுத்துகிறேன்.

சாம்பலுக்குச் சொன்னதே.

கருவேலம்: கார்டு மாற்றப் போகிறேன். லினக்ஸ் என்றால் ஏஎம்டியா, என்விடியாவா?

லினக்ஸ் என்று முடிவு செய்துவிட்டால் ஏஎம்டி. டிரைவர் கெர்னலோடும் மேசா என்ற கிராஃபிக்ஸ் தொகுப்போடும் வந்துவிடும், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. என்விடியாவும் ஓடும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸைவிட வேகம் குறைவது அதில்தான் அதிகம் தெரிகிறது.

மறுகரை: முடிவு செய்துவிட்டேன், லினக்ஸுக்கு மாறுகிறேன். ஸ்கைரிம்தான். போகும் முன் விண்டோஸில் ஏதாவது செய்ய வேண்டுமா?

மூன்று வேலைகள். மாட் ஆர்கனைசர் ஃபோல்டரை முழுசாக ஒரு வெளி டிரைவில் நகலெடுங்கள், ப்ரொஃபைல்களும் டவுன்லோடுகளும் சேர்த்து. டாகுமென்ட்ஸில் இருக்கும் சேவ் ஃபோல்டரை எடுங்கள். அதில் ஒவ்வொரு சேவுக்கும் பக்கத்தில் எஸ்கேஎஸ்இ எழுதிய ஒரு துணைக் கோப்பு இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் கேம் எக்ஸியின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் கேமுக்கு அப்டேட் வந்தபோது எஸ்கேஎஸ்இ ப்ளகின்கள் மொத்தமாக உடைந்தன. லினக்ஸில் புதிதாக இறக்கும்போது உங்களுக்கு வருவது இப்போதைய பதிப்பு. டிஎல்எல் மாட்கள் பழைய பதிப்புக்கானவையாக இருந்தால், அவற்றை மாற்றும் வரை அந்த சேவ் கோப்பைத் திறக்காதீர்கள்.