எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்தான், ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறதே டாக்டர்?

கேள்வி: எனக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறேன். எட்டு மாதமாக அடிக்கடி தலை சுற்றுகிறது. காலையில் பிரேயரில் நிற்கும்போது காது அடைத்து, கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு முறை விழுந்தே விட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும், கட்டிலை விட்டு எழுந்தாலும் வருகிறது. மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டோம். ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினார். ஒருவர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் நார்மல், சுகர் நார்மல். ஹீமோகுளோபின் 11.2, "பரவாயில்லை" என்றார்கள். கடைசியாகப் பார்த்தவர் "பரீட்சை டென்ஷன்" என்று சொல்லிவிட்டார். பாட்டி பித்தம் என்கிறார். சித்தி மந்திரிக்கக் கூட்டிப்போனார். கிளாஸில் சிலர் நான் நடிக்கிறேன் என்கிறார்கள். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இதெல்லாம் என் கற்பனையா?

(பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்)

பதில்:

கண்ணு, உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கற்பனை இல்லை. காது அடைத்து, கண் இருட்டி, அப்புறம் விழுவதாக எழுதியிருக்கிறாயே, மயக்கம் வருவதற்கு முன்னால் உடம்பில் நடப்பது அதே வரிசையில்தான் நடக்கும். மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடிகள் குறையும்போது பார்வையும் காதும்தான் முதலில் மங்கும். நடிக்கிற பிள்ளைக்கு இந்த வரிசை தெரியாது.

உன் கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. உனக்குத் தலை சுற்றுவது பிரேயரில், பஸ்ஸில், கட்டிலை விட்டு எழும்போது. மூன்றுமே நிற்கிற நேரம். ஸ்கேன் எடுத்ததோ படுக்க வைத்து. ரத்தம் எடுத்தது உட்கார வைத்து. பிரஷர் பார்த்திருந்தால் அதையும் டாக்டர் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் பார்த்திருப்பார்கள். நிற்க வைத்து யாராவது பார்த்ததாக நீ எழுதவில்லை. அதனால் "எல்லாம் நார்மல்" என்றால், நீ படுத்தும் உட்கார்ந்தும் இருக்கும்போது எல்லாம் நார்மல் என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். உடனே கால் நரம்புகள் (ரத்தக் குழாய்களைத்தான் சொல்கிறேன்) சுருங்கி, இதயமும் கொஞ்சம் வேகமாக அடித்து, ரத்தத்தை மேலே தள்ள வேண்டும். வளர்கிற வயதில் பலருக்கு இந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதோடு வெயில், வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, மாதவிலக்கு எல்லாம் சேர்ந்தால் இன்னும் மோசமாகும். பிரேயர் மைதானத்தில் பிள்ளைகள் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. பிரஷர் மிஷினும் கடிகாரமும் போதும். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் படுக்க வைத்து பிரஷரும் பல்ஸும் பார்க்க வேண்டும். பிறகு எழுப்பி, சுவரில் சாயாமல் நிற்க வைத்து, ஒன்றாவது நிமிடம், மூன்றாவது, ஐந்தாவது, பத்தாவது நிமிடம் என்று மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். பிரஷர் அப்படியே இருந்து, பத்து நிமிடத்துக்குள் பல்ஸ் மட்டும் படுத்திருந்தபோது இருந்ததைவிட 40 அல்லது அதற்கு மேல் கூடினால், மூன்று மாதத்துக்கு மேலாகவும் இந்தத் தொந்தரவு இருந்தால், அது வேறு பிரச்சினை. டாக்டர்கள் அதைச் சுருக்கமாக "பாட்ஸ்" என்பார்கள். உன் வயதுப் பெண்களிடம் இதைப் பார்க்கிறோம். பெரியவர்களுக்கு 30 ஏறினாலே கணக்கு. பத்தொன்பது வயது வரைக்கும் 40. சின்ன வயதில் பல்ஸ் இயல்பாகவே கூடுதலாக ஏறும் என்பதால் இந்த வித்தியாசம். இந்த நோய்க்கு ஒரு தெளிவான வரையறை கிடைத்ததே 1993-ல்தான். அதற்கு முன் படித்து வந்த டாக்டர்களுக்கு இது பாடத்தில் இருந்திருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவளும் பிளஸ் ஒன்தான். கையில் ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட். படுத்திருந்தபோது பல்ஸ் 74. எழுந்து நிற்கச் சொன்னேன். இரண்டாவது நிமிடம் 104. நான்காவது நிமிடம் 122. பிரஷரில் பெரிய மாற்றம் இல்லை. குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தேன். செருப்பில்லாத கால், விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. "டாக்டர், இப்ப வருது" என்றாள். உடனே படுக்க வைத்தேன். பக்கத்தில் நின்ற அவள் அம்மா மிஷினில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இத்தனை நாளும் உன்னைத் திட்டிட்டேனே" என்றார். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்னும் எப்போதாவது கிறுகிறுப்பு வரும், விழுவதில்லை.

உனக்கும் அதே நோய்தான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல். வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதே. விழுந்தால் பிடிக்க ஒருவர் வேண்டும்.

ஹீமோகுளோபின் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபமே வருகிறது. உன் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 11.2 என்பது "பரவாயில்லை" அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிப் பேருக்கு மேல் குறைவாக இருப்பதால் குறைவே சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. "ஃபெரிட்டின்" என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல், முக்கியமாக நீ சைவம் என்றால். மாதவிலக்கைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? அப்படி இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடு. ரத்தம் எங்கே போகிறது என்று தெரியாமல் சத்து மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பலன் தங்காது.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை நீ விழுங்குகிறாயா, பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறாயா? பல பிள்ளைகள் வயிறு பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு அவ்வளவு படுத்தாது. மாத்திரை போட்டும், சாப்பிட்டும், உடனே டீ குடிக்காதே. இரும்பு உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். ஆனால் ரத்தசோகை வந்த பிறகு வாரத்துக்கு ஒரு மாத்திரை போதாது. தினமும் எவ்வளவு, எத்தனை மாதம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வி. காலையில் கிளம்பியதிலிருந்து மாலை வீடு வரும்வரை எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாய்? பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். பாட்டில் காலையில் எப்படிப் போனதோ அப்படியே மாலையில் திரும்பி வரும். நீயும் அப்படி என்றால் உன் தலைசுற்றலில் பாதி அங்கேயே இருக்கலாம். அதை உன் குற்றமாக நான் சொல்லவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் இருக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. அதை உன் அம்மாவும் மற்ற அம்மாக்களும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்வரை இதைச் செய். கட்டிலை விட்டு இறங்கும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடி. எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் ஆட்டிவிட்டு அப்புறம் நில். இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதே. பிரேயரில் விறைப்பாக நிற்காதே, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கு. காது அடைக்கத் தொடங்கியதும் காலைக் குறுக்காக வைத்துத் தொடையை இறுக்கு, கையை முஷ்டி பிடி. அப்படியும் அடங்காவிட்டால் யார் என்ன நினைத்தாலும் சரி, உடனே தரையில் உட்கார்ந்துவிடு, முடிந்தால் படு. குளிக்கும்போது சுடுதண்ணீர் வேண்டாம், உள்தாழ்ப்பாளும் வேண்டாம். நீ விழுந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், நினைவு வரும்வரை வாயில் எதுவும் ஊற்றக்கூடாது என்று பக்கத்தில் நிற்கும் தோழியிடம் சொல்லி வை.

பாட்டியோடு சண்டை போடாதே. பித்தம் என்று சொல்லி அவர் கொடுக்கும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் காலை நீராகாரமும் உனக்கு நல்லதுதான். நின்றால் தலை சுற்றுகிறவர்களுக்குத் தண்ணீரும் உப்பும்தான் முதல் வைத்தியம். உப்பைக் கூட்டலாமா, எவ்வளவு என்பதை மட்டும் பிரஷர் பார்த்த டாக்டரிடம் கேட்டுக்கொள். மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும். அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

"டென்ஷன்" என்றதை அப்படியே ஒதுக்கவும் வேண்டாம். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டாலும் தலை சுற்றும். கூடவே வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும். உனக்கு அப்படி வருகிறதா என்று கவனி. எட்டு மாதம் எங்கே விழுவோமோ என்று வாழ்ந்தவளுக்குப் பயம் வந்திருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை. அந்தப் பயத்துக்கும் உதவி கேள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பணம் இல்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் நிற்க வைத்துப் பார்க்காமலே டென்ஷன் என்று முடித்துவிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று விழுந்தால், விழும் முன் நெஞ்சு தாறுமாறாக அடித்தால், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், காத்திருக்காமல் அன்றே போய் ஈசிஜி எடுக்க வேண்டும். சொல்லப்போனால் இரண்டு முறை விழுந்த உனக்கு இப்போதே ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. நாக்கைக் கடித்துக்கொள்வது, விழுந்த பிறகு வெகுநேரம் குழப்பமாக இருப்பது என்றால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுழல்கிறது என்றால் அது காதுப் பிரச்சினை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போ.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வாரம் எழுது. எத்தனை மணிக்கு வந்தது, நின்றாயா உட்கார்ந்தாயா, என்ன சாப்பிட்டிருந்தாய், எவ்வளவு தண்ணீர், மாதவிலக்கில் எத்தனையாவது நாள், எவ்வளவு நேரம் இருந்தது. "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் நாலு வியாதிக்கும் அதே சொல்தான், டாக்டர் குழம்புவார். அந்தப் பக்கத்தையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையில் பொதுமருத்துவரைப் பார். கூட்டமாகத்தான் இருக்கும். உட்கார்ந்ததும் நோட்டை நீட்டி, "நின்னா மட்டும்தான் வருது டாக்டர், படுக்க வச்சும் நிக்க வச்சும் பிரஷர், பல்ஸ் பாப்பீங்களா?" என்று கேள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரேயரில் உட்கார்ந்துகொள்ள அனுமதிக் கடிதம் ஒன்றும் கேட்டு வாங்கு.

இந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு. அம்மா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகளோடு உள்ளே போங்கள், ஆனால் டாக்டர் கேட்கும்போது அவளைப் பேச விடுங்கள். கடிதத்தில் அவள் சொல்லியிருப்பதைப் பார்த்தால், இதுவரை யாரும் அவளை முழுசாகச் சொல்லி முடிக்க விட்டதாகத் தெரியவில்லை.

பரிசோதனை முடிந்ததும், படுத்திருந்தபோது என்ன எண், பத்தாவது நிமிடம் என்ன எண் என்று எனக்கு எழுது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.