பதினேழாம் இடம்

கேள்வி: எங்கள் மகனுக்கு 13 வயது, நவம்பரில் பிறந்தவன். லுசேர்ன் பக்கத்தில் ஒரு கிளப்பில் ஐந்து வருடமாக ஸ்கீ (பனிச்சறுக்கு) ஓடுகிறான். போன குளிர்காலம் ஜயன்ட் ஸ்லாலம் என்கிற, கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் போட்டிகளில் பெரும்பாலும் முதல் ஐந்துக்குள் வந்தான். ஆனால் இந்த இலையுதிர் காலத்தில் வைத்த உடற்தகுதிச் சோதனையில் 20 பேரில் 17-ஆம் இடம். அணித் தெரிவுக்கு இதையும் பார்ப்பார்களாம். வாரம் மூன்று நாள் ஜிம்முக்கு அனுப்பிப் பாரம் தூக்கவிட வேண்டும் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், சுவிற்சர்லாந்து

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் ஐந்துக்குள் வந்த பிள்ளையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்க 17 என்ற எண்தான் நிற்கிறது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் பனியில் வளர்ந்தவர்கள் இல்லை. கீழே பக்கத்தில் நிற்கிற சுவிஸ் தகப்பன், பிள்ளை ஒரு வளைவு எடுப்பதைப் பார்த்தே “வெளிக்காலில் பாரம் போகவில்லை” என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு வளைவு வாசிக்கத் தெரியாது, எண் வாசிக்கத் தெரியும். பள்ளிக்கூட றிப்போட் பார்த்துப் பழகிய கண்ணால் இந்தத் தாளையும் பார்த்துவிடுகிறோம்.

இந்தச் சோதனைகளில் வழக்கமாக என்ன இருக்கும்? நின்ற இடத்திலிருந்து நீளம் பாய்தல், தடைகளுக்கு மேலும் கீழும் புகுந்து ஓடுதல், வயிறு முதுகின் பலம் பார்த்தல். பிறகு பிள்ளைகள் எல்லாரும் வெறுக்கிற பெட்டிப் பாய்ச்சல்: பெட்டியின் மேலிருந்து ஒரு பக்கம் குதித்து, திரும்ப மேலே பாய்ந்து, மறுபக்கம் குதித்து, இப்படியே எண்ணிக்கொண்டு போவது. வளர்ந்த வீரர்களுக்கு அது 90 விநாடி. ஒரு ஜயன்ட் ஸ்லாலம் ஓட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டிப் போகும் என்பதால், தொடை எரியத் தொடங்கிய பிறகும் கால் சொல்வழி கேட்குமா என்று பார்க்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் பாய்வதும் ஸ்கீ ஓடுவதும் ஒன்றல்ல. சிவனொளிபாதமலை ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடை நோவது இறங்கியதால். ஸ்கீயில் பெரும்பாலும் அந்த இறங்குகிற வேலைதான். தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மேலே பாய்கிற பலம் அதில் ஒரு பங்கு மட்டுமே. பனியின் தன்மையை உணர்வது, அடுத்த கம்பத்துக்கு முன்பே போகும் கோட்டைப் பிடிப்பது, கண் தெரியாத வெளிச்சத்திலும் துணிவது எதையும் பெட்டி அளக்காது. அதனால்தான் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குள், சோதனை வரிசையும் போட்டி வரிசையும் பல தடவை பொருந்துவதில்லை.

இன்னொன்று, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய நவம்பர். ஸ்கீயில் வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. உங்கள் மகன், தன்னைவிடப் பத்து மாதம் மூத்த பெடியன்களோடு ஒரே பட்டியலில் நிற்கிறான். அதோடு, ஆண்பிள்ளைகள் வேகமாக உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. சிலருக்கு 12-இலேயே மீசை அரும்பிவிடும், சிலருக்கு 15 ஆகும். முன்னதாக வளர்ந்தவன் பாய்ச்சலில் முன்னுக்கு நிற்பது திறமையால் மட்டுமல்ல. சுவிஸ் ஸ்கீ வீரர் மார்க்கோ ஓடர்மாட் பிறந்ததும் வருடக் கடைசியில், ஒக்டோபரில்தான். 2018-இல் தாவோசில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றார். ஒருவரைக் காட்டிச் சட்டம் எழுதக் கூடாதுதான், இருந்தாலும் உங்கள் கணவருக்குச் சொல்லி வையுங்கள்.

அதற்காகத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. வயிறு, முதுகுப் பலத்தின் புள்ளியை மட்டும் தனியாகப் பாருங்கள். ஆஸ்திரியாவில் 14 முதல் 19 வயது வரையான ஸ்கீ வீரர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வொன்றில், ஏசிஎல் என்கிற முழங்கால் நார் அறுவதோடு உடலின் நடுப்பகுதிப் பலக்குறைவு தொடர்புபட்டிருந்தது. மற்றப் புள்ளிகளில் பின்னுக்கு நின்றால் ஓர் இடம் போகும். இதில் பின்னுக்கு நின்றால் ஒரு பருவமே போகலாம். அவன் குறைந்தது இங்கேதான் என்றால் இன்றைக்கே தொடங்குங்கள்.

ஜிம் பற்றி. பாரம் தூக்கினால் பிள்ளை வளராது என்ற பயம் வேண்டாம், அது பழைய கதை. ஆனால் பெரியவர்களின் ஜிம்மில் யூடியூப் பார்த்துத் தூக்குவது வேறு, பிள்ளைகளைப் பழக்கத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று, வெறும் தடியோடு குந்தி எழும்பப் பழக்குவது வேறு. வாரம் இரண்டு நாள் போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டும் இடம் நோகுது என்றால் பாய்ச்சலைக் குறைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த வயதில் அடிக்கடி வருகிற நோவுதான்.

பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடத் தன் புள்ளியைவிட இவன் ஏறியிருக்கிறானா? தெரிவில் சோதனைக்கு எவ்வளவு பங்கு, போட்டிக்கு எவ்வளவு பங்கு? மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியை அவனே கேட்கட்டும்.

வீட்டில் கதவு நிலையில் அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கோடுகளுக்கு இடையில் தூரம் சடாரென்று கூடத் தொடங்கினால், அந்தக் குளிர்காலம் கை கால் சொல்கேளாமல் போட்டி நேரம் சற்றுப் பின்னுக்குப் போகக்கூடும். அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுத முதல், அந்தக் கதவை ஒருதரம் பாருங்கள்.