சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல் மெக்னீசியம் மாத்திரையில் சரியாகுமா?

எத்தனை வருடமாகச் சர்க்கரை, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து வருடமாவது ஆகியிருக்கும், ராத்திரியில் பாதம் எரிந்து தூக்கம் கெட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். என் நிலைமை அதுதான்.

எனக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்து 14 வருடம். முதலில் வந்தது எரிச்சல் இல்லை. நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். சதை கல்லாக இறுகிவிடும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் விரல்களில் ஊசி குத்தல், உள்ளங்காலில் மரமரப்பு. ஒருநாள் பின்னால் வந்தவர் என் வலது கால் செருப்பைக் கையில் எடுத்து வந்து கொடுத்தார். குனிந்து பார்த்த பிறகுதான் வெறுங்காலில் நடந்து வந்திருக்கிறேன் என்றே தெரிந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மருத்துவர் டியூனிங் ஃபோர்க் என்ற, தட்டினால் அதிரும் உலோகக் கவையைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்" என்றார். அது தொடங்கியதே எனக்குத் தெரியவில்லை. பிறகு என் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். மெட்ஃபார்மின், பிரஷருக்கு நீர் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்காக ஆறு வருடமாக நிறுத்தாமல் விழுங்கிய பான்டோபிரசோல். ரத்தத்தில் மெக்னீசியம் பார்த்தால் 1.3. பொதுவாக 1.7-க்குக் கீழே போகக் கூடாது. பி12-ம் குறைவு.

சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகமாகப் போகும், மெக்னீசியமும் கூடவே போய்விடும். அது குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இன்னும் ஏறும். நீர் மாத்திரையும் தன் பங்குக்கு அதை வெளியேற்றும். பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2011-லேயே எச்சரித்திருக்கிறது. மெட்ஃபார்மினால் பி12 குறையும், அதற்கும் கால் இப்படித்தான் மரத்துப்போகும். ஆறு வருடத்தில் ஒருவர்கூட இந்தப் பையைப் பிரித்துப் பார்க்கவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை.

பான்டோபிரசோலை நிறுத்தினார், பிரஷர் மாத்திரையை மாற்றினார், மெக்னீசியம் மாத்திரையும் பி12 ஊசியும் கொடுத்தார். மூன்றே வாரத்தில் கெண்டைக்கால் இழுப்பது நின்றது. எரிச்சல் குறைய மாதங்கள் ஆயின, அதுவும் பாதிதான் குறைந்தது. அந்தச் சமயத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் 9.2-லிருந்து 7.1-க்கு இறங்கியது. அதனால் பலன் எதனால் வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மருத்துவர் அல்லாதவர் மருந்து சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள். நான் மருந்து சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள் என்கிறேன். மெக்னீசியம் குறைந்தவர்களிடம், இந்த எரிச்சலுக்குக் காரணமான நரம்பு பாதிப்பு அதிகம் தென்படுகிறது என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. மாத்திரை சாப்பிட்டால் கெட்ட நரம்பு மீண்டுவிடும் என்று நிரூபணமாகவில்லை. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மெக்னீசியம் உடம்பில் தேங்கி மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சோதனை பார்க்காமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது நாள் முழுக்க நிற்கும் வேலை. ஒரு நாற்காலி கேட்டதற்கு மேலாளர், "சர்க்கரை யாருக்குத்தான் இல்லை?" என்றார். மருத்துவர் கொடுத்த கடிதத்தை மடிப்புகூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். பத்தொன்பது வருடம் உழைத்த இடம் அது. வெளியே தெரியாத வலியை யாரிடம் காட்டுவது?

போன மாதம் மருத்துவர் அதே டியூனிங் ஃபோர்க்கை மறுபடி வைத்துப் பார்த்தார். கணுக்காலில் அதிர்வு நன்றாகவே தெரிந்தது. கட்டைவிரலில் இன்னும் தெரியவில்லை.