கட்டடத்தின் நலத்தைக் கண்காணிக்கும் சென்சார் வலையில் சில நோட்கள் (வலையிலுள்ள தனித்தனி சென்சார் கருவிகள்) தப்பான அளவு கொடுத்தால், பெரும்பான்மை நோட்கள் சொல்வதை ஏற்று மற்றதை விலக்கிவிட்டால் போதுமா?

போதாது. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கணினியோ எலக்ட்ரானிக்ஸோ படிப்பவர், புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிமுலேஷனில் சில நோட்களைத் தாறுமாறாகப் பேசவிட்டு, மற்றவற்றிடம் வாக்கெடுத்து, தப்பானதைப் பிடித்துவிட்டதாகக் காட்டுவீர்கள். அது நிஜக் கட்டடத்தில் என்ன செய்யும் என்று நேரில் பார்த்த கட்டமைப்புப் பொறியாளர் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்று. தளத்துக்குத் தளம் வயர்லெஸ் ஆக்சிலரோமீட்டர்கள், அதாவது அதிர்வை அளக்கும் சென்சார்கள். நிறுவியவர்கள் வாராவாரம் அறிக்கை அனுப்புவார்கள். ஒரு வாரம், இரண்டு நோட்கள் பழுது, தானாகவே விலக்கப்பட்டன, கட்டடம் நலமாக உள்ளது என்று வந்தது. எல்லோருக்கும் திருப்தி. எனக்கு ஒன்று உறுத்தியது: விலக்கப்பட்ட இரண்டும் அடுத்தடுத்த தளங்களில் இருந்தவை.

சென்சார் பழுதானால் அதற்கு ஓர் அடையாளம் இருக்கும். பேட்டரி இறங்கும், அனுப்பும் தரவுப் பாக்கெட்கள் தொலையும், அளவு ஒரே எண்ணில் உறைந்து நிற்கும், இல்லையென்றால் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகரும். விலக்கிய நோட்களின் மூலத் தரவைக் கேட்டேன். பழுதான சென்சாரின் தரவு எதற்கு என்று திருப்பிக் கேட்டார்கள். விடாமல் கேட்டு வாங்கினேன். பேட்டரி நன்றாக இருந்தது, தரவில் ஓட்டை இல்லை. கடிகாரத்தையும் சரிபார்த்தேன். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. மில்லியனுக்கு 20 பங்கு பிழையுள்ள சாதாரண கடிகாரக் கிரிஸ்டல், மற்ற நோட்களோடு நேர ஒத்திசைவு நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகிவிடும். 2 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இருமுறை, ஆடும் கட்டடத்தில் அது ஏறக்குறைய 52 டிகிரி ஃபேஸ் வித்தியாசம் (ஒரு முழு ஆட்டம் 360 டிகிரி). கட்டடம் ஆடும் விதமே மாறிவிட்டது போலத் தோன்ற அது போதும். ஆனால் இங்கே கடிகாரமும் சரியாகவே இருந்தது.

இன்னும் முக்கியமானது, இரண்டு நோட்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. தனித்தனிப் பேட்டரி, தனித்தனிப் பொருத்து. இரண்டு பழுதான கருவிகள் ஒரே இடத்தைப் பற்றி ஒரே பொய்யைச் சொல்லுமா?

மேலே போய்ப் பார்த்தோம். அந்த இரண்டு நோட்களுக்கும் இடைப்பட்ட மாடியில் பெரிய ஹால் வேண்டும் என்று தூண்களுக்கு நடுவிலிருந்த செங்கல் சுவர்களை எடுத்திருந்தார்கள். அந்தச் சுவர்கள் பாரம் தாங்குவதற்கென்று வரைபடத்தில் கணக்கிடப்பட்டவை அல்ல. ஆனாலும் பக்கவாட்டு விறைப்பில், அதாவது கட்டடம் பக்கவாட்டில் நெகிழாமல் நிற்பதில், அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை போனால் அந்த மாடி மட்டும் மற்றவற்றைவிட அதிகம் நெகிழும். நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடங்களில் எத்தனையோ இப்படி ஒரு மென்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நோட்கள் சொன்னது அதைத்தான். மென்பொருள் அவற்றின் வாயை அடைத்துவிட்டது.

காரணம் எளிது. சேதம் ஓர் இடத்தில் ஆரம்பிக்கிறது. அதை முதலில் உணர்வது பக்கத்திலிருக்கும் ஒன்றிரண்டு சென்சார்கள், அதாவது சிறுபான்மை. பெரும்பான்மை வாக்கு விலக்குவதும் அந்தச் சிறுபான்மையைத்தான்.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வாக்கெடுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்பகமில்லாத உறுப்புகளை வைத்து நம்பகமான அமைப்பை உருவாக்கலாம் என்று கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1956-லேயே காட்டியிருக்கிறார். ஆனால் அங்கே வாக்களிக்கும் மூன்று உறுப்புகளும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒரே விடை வர வேண்டும். மூன்றாம் மாடியும் ஒன்பதாம் மாடியும் ஒரே விடை தர வேண்டிய அவசியம் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு சென்சார் வைக்கலாமே என்பீர்கள். இரண்டும் முரண்பட்டால் எது சரி என்று யார் சொல்வது? மூன்று வைத்தாலும், ஒரே வயரில் மின்சாரம், ஒரே பசை, ஒரே வெயில் என்றால் மூன்றும் சேர்ந்தே கெடும்.

மாற்று வழி கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஒரு கட்டடம் சில மோடுகளில்தான், அதாவது தனக்கே உரிய சில ஆட்ட வடிவங்களில்தான், ஆடும். சென்சார்கள் அதைவிட அதிகம் இருந்தால், மற்றவற்றை வைத்து ஒவ்வொன்றின் அளவையும் கணிக்கலாம். கணிப்பிலிருந்து ஒரே நோட் மட்டும் விலகினால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பக்கத்து நோட்கள் சேர்ந்து விலகினால் கட்டடத்தைச் சந்தேகப்படுங்கள். இது எப்போதும் பலிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். வெப்பநிலையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை இடிப்பதற்கு முன் 1997–98-ல் தொடர்ந்து அளந்தபோது, உறைகுளிரில் அதன் தார்ப் பரப்பு இறுகி அதிர்வெண்ணே ஏறியது. அப்புறம், பக்கத்துத் தளங்கள் எல்லாம் ஒரே கேட்வேயில் (நோட்களின் தரவைச் சேகரித்து அனுப்பும் கருவி) இருந்தால், கேட்வே கோளாறும் சேதம் போலவே தெரியும். அதனால் அடுத்தடுத்த தளங்களை வெவ்வேறு கேட்வேயில் மாற்றி மாற்றி இணையுங்கள். கோளாறு வந்தால் ஒன்று விட்டு ஒன்று கெடும், சேதம் வந்தால் அடுத்தடுத்து மாறும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சுவர்களை எடுக்கும்போது கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்அலங்காரம் செய்பவர் படம் போடுகிறார், உரிமையாளர் சரி என்கிறார், மறுநாள் சுவர் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு, கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடமும் யாரிடமும் இல்லை. சென்சாருக்குச் செலவழிக்க மனம் வருகிறது, வரைபடத்தைப் பத்திரமாக வைக்க வருவதில்லை. வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது.

சரி, உங்கள் புராஜெக்ட்டுக்கு வருகிறேன். விலக்கிய நோட்டின் தரவை அழிக்காதீர்கள். அறிக்கையில் அதை ‘பழுது’ என்று போடாமல் ‘முரண்படுகிறது’ என்று போடுங்கள், முடிவு ஒரு மனிதரிடம் போகட்டும். சிமுலேஷனில் இன்னொரு சோதனையும் சேருங்கள்: எந்த சென்சாரிலும் பழுது வைக்காமல், ஒரே ஒரு மாடியின் விறைப்பை மட்டும் குறைத்து ஓட்டுங்கள். உங்கள் வழிமுறை எத்தனை நல்ல நோட்களைப் பழுது என்று விலக்குகிறது என்று எண்ணி, அந்த எண்ணையும் முடிவுகளோடு சேர்த்துக் கொடுங்கள்.