காம்பர் விமான நிறுவனம் ஏன் 5 ஆண்டுகளிலேயே மூடப்பட்டது?

ஸ்விஃப்ட் போன்ற அருமையான விமானத்தைச் செய்தவர்கள் எப்படிக் காணாமல் போனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், ஸ்விஃப்டுக்கு அடுத்து என்ன என்பதில்தான் அவர்கள் தடுமாறினார்கள்.

நிக்கோலஸ் காம்பர் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி. கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் இருந்தபோதே சிறு விமானங்களை வடிவமைத்தவர். 1929இல் நண்பர்களுடன் சேர்ந்து இங்கிலாந்தின் செஷயரில் உள்ள ஹூட்டன் பார்க்கில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1930 ஜனவரியில் ஸ்விஃப்ட் பறந்தது. ஒரே இருக்கை, மடக்கக்கூடிய இறக்கைகள். முதலில் பொருத்திய ஏபிசி ஸ்கார்ப்பியன் இன்ஜினுக்கு வலு போதவில்லை. அப்புறம் பாப்ஜாய் ஆர் இன்ஜின் வந்தது. ஏழு சிலிண்டர், சுமார் 75 குதிரைத்திறன். அதோடு ஸ்விஃப்டின் குணமே மாறிவிட்டது! 1931இல் விமானி ஆர்தர் பட்லர் அதில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 9 நாட்களில் போய்ச் சாதனை படைத்தார். இவ்வளவு சிறிய விமானத்தில் அவ்வளவு தூரம் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. இந்தியாவிலும் ஸ்விஃப்ட் பந்தயத்தில் பறந்தது.

ஆனால் ஒற்றை இருக்கை விமானத்தை எத்தனை பேர் வாங்குவார்கள்? மொத்தமே சுமார் 45தான் செய்தார்கள். 1933இல் லண்டன் அருகே உள்ள ஹெஸ்டனுக்கு இடம் மாறினார்கள். மூன்று பேர் அமரும் மவுஸ், பந்தயத்துக்கு ஸ்ட்ரீக், இருவருக்கான கைட் என்று அடுத்தடுத்து முயன்றார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றுதான் உருவானது. ஒரு சிறு நிறுவனம் இத்தனை புதிய வடிவமைப்புகளின் செலவை எப்படித் தாங்கும்? 1934இல் காம்பர் என்ற பெயர் போய், ஹெஸ்டன் ஏர்கிராஃப்ட் கம்பெனி அந்த இடத்துக்கு வந்தது.