வேலை லேப்டாப்பில், நண்பர்கள் எங்கே? (கேள்வி பதில்)

நாடு மாறி நாடு போய் லேப்டாப்பை வைத்தே பிழைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் பல வருடமாக அதே பிழைப்பில் இருப்பதால் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். வரி, வங்கிக் கணக்குச் சமாச்சாரங்கள் இன்னொரு நாளைக்கு. இன்று நட்பு மட்டும்.

கேள்வி: அக்கா, ஒவ்வொரு ஊர்லயும் மூணு மாசம் இருக்கேன். கிளம்பும்போது பார்த்தா போன்ல நம்பர் மட்டும் நிறைய இருக்கு, மனசு விட்டுப் பேச ஒருத்தர் இல்லை. எங்கிட்ட ஏதாவது குறையா?

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார். முகம் தெரிந்த ஒருவர் சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் என்றால் 200-க்கும் மேல். இதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த நேரம் பெரிதாகக் கணக்கில் சேரவில்லை. அரட்டை, விளையாட்டு, ஊர் சுற்றல் என்று சும்மா கழித்த நேரம்தான் நெருக்கத்தைக் கூட்டியது.

இப்போது உங்கள் மூன்று மாதத்துக்கு வருவோம். ஒருவரை வாரம் 2 மணி நேரம் பார்த்தால், 12 வாரத்தில் 24 மணி நேரம். சாதாரண நட்புக்கே பாதி தூரம்தான் வந்திருப்பீர்கள், அதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். அதே ஆளோடு வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட நடை என 7 மணி நேரம் கழித்தால் 84 ஆகிவிடுகிறது. அதனால் இரண்டாவது வாரம் முடிவதற்குள் பிடித்த மூன்று பேரை முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு புது முகம் தேடி அலையாமல் அந்த மூவரையே திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள். உங்களுக்கு நம்பர் நிறைய சேர்ந்ததற்குக் காரணமே ஒவ்வொரு வாரமும் வேறு வேறு கூட்டத்துக்குப் போனதுதான்.

கேள்வி: கோவொர்க்கிங் இடத்துக்கு (பல கம்பெனி ஆட்கள் வாடகைக்கு மேஜை எடுத்து வேலை பார்க்கிற இடம்) பணம் கட்டுறது நட்புக்கு உதவுமா, இல்லை வீட்டிலேயே இருந்துக்கலாமா?

பதில்: உதவும், ஆனால் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் யாருக்கு யார் நண்பர் என்று ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் பக்கத்து வீடுதான். மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு வேறு மாடியிலும் நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்?

ஆகவே ஜன்னலோர மூலையை விட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கோ சமையலறைக்கோ போகிற வழியில் ஒரு மேஜையைப் பிடியுங்கள். தினமும் அதே மேஜை. ஒருநாள் பாஸ் வாங்கி இடம் மாறிக்கொண்டே இருப்பதைவிட ஒரே இடத்தில் மாதப் பாஸ் மேல். மதியம் சாப்பிடப் போகும்போது ஹெட்போனை மேஜையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அது காதில் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: எனக்குக் கூச்சம் அதிகம். முதல் வாக்கியமே வராது. பேசி முடிச்சதும் உளறிட்டோமோன்னு ராத்திரி முழுக்க யோசிப்பேன்.

பதில்: எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, எத்தனை நாள் இருப்பீர்கள்: இந்த மூன்றையும் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் சலித்துப்போயிருக்கும். அதற்குப் பதில் சின்னதாக ஓர் உதவி கேளுங்கள். "இந்த மீட்டிங் ரூமை எப்படி புக் பண்றது?", "சிம் கார்டு எந்த கம்பெனி நல்லா எடுக்குது?" மாதிரி. உதவியவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்கும். மறுநாள் "சிம் வாங்கிட்டேன், நல்லா எடுக்குது" என்று சொல்லப் போகலாம். இரண்டாவது பேச்சுக்குக் காரணம் தானாக அமைந்துவிடுகிறது.

ராத்திரி யோசனைக்கும் ஓர் ஆறுதல் உண்டு. முதல்முறை பேசிக்கொண்டவர்களை வைத்து 2018-இல் வெளியான இன்னொரு உளவியல் ஆய்வில், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலானோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். நீங்கள் உளறியதாக நினைக்கிற அதே நேரத்தில், தான் உளறியதாக அவரும் புரண்டுகொண்டிருப்பார்.

கேள்வி: உள்ளூர்க்காரங்க யாருமே பழக மாட்டேங்கிறாங்க. எங்களை மாதிரி வந்து போறவங்ககூடத்தான் சுத்திக்கிட்டு இருக்கேன்.

பதில்: அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். அவர்களுக்குக் குடும்பம், பள்ளிக்கூட நண்பர்கள், அலுவலகம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. நாமோ நாலு வாரம் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிற ஆட்கள். மீட்டப் என்ற பெயரில் நடக்கிற அறிமுகச் சந்திப்புகளுக்கு வெளிநாட்டவர்தான் அதிகம் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் வாராவாரம் தங்களுக்காகவே போகிற இடத்துக்கு நாம் போக வேண்டும்: பாடகர் குழு, பாறையேற்றப் பயிற்சிக்கூடம், போர்டு கேம் கூட்டம், கால்பந்து.

எனக்குப் பிடித்தது பார்க்ரன், பூங்காவில் வாராவாரம் கூடி ஓடுகிற ஓட்டம். 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஒருமுறை பதிவு செய்து வாங்கிய பார்கோடு எந்த நாட்டிலும் செல்லும். ஓட வராது என்றால் நடக்கலாம். நண்பர் வேண்டுமென்றால் ஓடாமல் தன்னார்வலராகப் போவதே புத்திசாலித்தனம். பார்கோடு ஸ்கேன் செய்கிற இடத்தில் நின்றால், மூச்சு வாங்க வந்து நிற்கிற ஒவ்வொருவரும் உங்களிடம் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டுத்தான் போவார். ஓடி முடித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மொழி வகுப்பும் நல்லது. அங்கே சக மாணவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள், உண்மைதான். ஆனால் கற்ற நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு உள்ளூர்க் கூட்டத்தில் போய் நிற்கும்போது வரவேற்பே வேறு.

கேள்வி: எல்லா மீட்டப்பும் பாரில்தான். நான் குடிப்பதில்லை.

பதில்: போங்கள், ஜூஸ் வாங்குங்கள், ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் நடக்கிற பேச்சு எவருக்கும் மறுநாள் ஞாபகம் இருப்பதில்லை.

கேள்வி: ஷெங்கன் நாடுகளில் 90 நாள்தான் இருக்க முடியுது. இதுல எங்கே 200 மணி நேரம் சேர்க்கிறது?

பதில்: ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அங்கே விதி, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் என்பது. 90 நாள் வெளியே இருந்துவிட்டால் மறுபடி 90 நாள் இருக்கலாம், அதற்கேற்ற விசா கையில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது 90 நாளுக்குப் புது ஊர் தேடுகிறார்கள். நான் பழைய ஊருக்கே திரும்பச் சொல்வேன், முடிந்தால் அதே தெருவுக்கு. "போனவ திரும்பி வந்துட்டா" என்று தெரிந்ததும் உள்ளூர்க்காரர்கள் பழகுகிற விதமே மாறிவிடும். தொடர்ந்து தங்க வேண்டுமென்றால் நம்மைப் போல லேப்டாப்பில் பிழைக்கிறவர்களுக்கான டிஜிட்டல் நோமேட் விசா இருக்கிறது: எஸ்டோனியா 2020-இலும் போர்ச்சுகல் 2022-இலும் ஸ்பெயின் 2023-இலும் கொண்டுவந்தன. வருமான நிபந்தனையை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானே ஒரு சந்திப்பு வைச்சேன் அக்கா. பதினைஞ்சு பேர் வர்றதா சொல்லி மூணு பேர்தான் வந்தாங்க. அவமானமா போச்சு.

பதில்: மூன்று பேரும் நீங்களும் நாலு. பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பரும் அவரது சகாக்களும் 1995-இல் கவனித்துச் சொன்னது, இயல்பாக நடக்கிற ஒரு பேச்சு நாலு பேருக்கு மேல் தாங்காது, ஐந்தாவது ஆள் வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று. பதினைந்து பேரும் வந்திருந்தால் நீங்கள் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

அடுத்த வாரமும் வையுங்கள். அதே கிழமை, அதே இடம், அதே நேரம். "யார் யார் வர்றீங்க?" என்று கேட்காதீர்கள், ஆளுக்காள் மற்றவர் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். "செவ்வாய் ஏழிலிருந்து ஒன்பது வரை நான் இங்கே இருப்பேன்" என்று மட்டும் குழுவில் போடுங்கள். முடிகிற நேரத்தைச் சொல்வது முக்கியம், கூச்சக்காரர்கள் அதை நம்பித்தான் கிளம்புவார்கள். யாரும் வராத நாளும் வரும், ஒரு புத்தகம் கொண்டு போங்கள்.

கேள்வி: தனியாக வந்த பெண் நான். ஆப்பில் பழக்கமானவரைச் சந்திக்கப் போகலாமா?

பதில்: போகலாம். முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில். போக வர உங்கள் சொந்த ஏற்பாடு. லைவ் லொகேஷன் ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கட்டும். தங்கியிருக்கும் முகவரியைச் சொல்ல வேண்டாம், ஏரியா பெயர் போதும். முதல்முறை பெண்கள் மட்டும் உள்ள குழுச் சந்திப்பாக இருந்தால் இன்னும் நிம்மதி. அப்புறம், நீங்கள் "வேண்டாம்" என்ற இடத்தை மாற்ற மறுக்கிறவரோடு பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ரெண்டாவது சந்திப்பிலேயே ஒருத்தர் கிரிப்டோவில் பணம் போடச் சொல்றார். நல்ல மனுஷனாத்தான் தெரியறார்.

பதில்: அவருக்கும் நீங்கள் நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறீர்கள், அதனால்தான் கேட்கிறார். பிளாக் செய்யுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஃப்ளைட். கையோட என்ன செய்யணும்?

பதில்: உங்கள் அலுவலக நேரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். மாலை முழுக்க மீட்டிங்கில் போகும் என்றால் காலையில் கூடுகிற குழுவைத் தேடுங்கள், நீச்சல், ஓட்டம், மொழி வகுப்பு என்று. வாராவாரம் நடக்கிற ஒன்றுக்கு இப்போதே பணம் கட்டிவிடுங்கள். இறங்கிய களைப்பில் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தோன்றும்போது, கட்டிய பணம்தான் எழுப்பி அனுப்பும்.