குடிக்கக் கூடாது என்ற நிபந்தனை: அரிஷ்டம் சாப்பிடலாமா?

கேள்வி: என் கணவர் டூவீலர் மெக்கானிக். 2022இல் திருவிழாத் தகராறில் ஒருவரை ஸ்பேனரால் அடித்துவிட்டார். நீதிமன்றம் ஜெயிலுக்கு அனுப்பாமல் இரண்டு வருட நன்னடத்தைப் பிணையில் விட்டிருக்கிறது. என் அண்ணன்தான் ஜாமீன்தாரர். மது அருந்தக் கூடாது, மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. போன மாதம் ஒருநாள் குடித்துவிட்டார். ‘முதல் தடவைக்கு ஐம்பது ரூபாய்தான் அபராதம்’ என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணம்; அது வேறு ஸ்டேட், அங்கே குடித்தால் கேஸ் வராது என்கிறார். அஜீரணத்துக்கு அரிஷ்டம் வேறு குடிக்கிறார். எட்டாயிரம் கொடுத்தால் அலுவலரைச் சரிக்கட்டித் தருவதாக கோர்ட் வாசலில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? - விழுப்புரம் மாவட்ட வாசகி

பதில்: முதலில் அந்த ஐம்பது ரூபாய். அது புரளி இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 9ஆவது பிரிவு. நிபந்தனையை முதன்முறை மீறியவருக்கு ஐம்பது ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போட்டு, பிணையை அப்படியே தொடர விடலாம். ஐம்பது ரூபாய்க்கு இன்று டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர்கூட வராது. 1958இல் எழுதிய தொகையைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் உங்களிடம் இதைச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதே பிரிவில், அபராதத்துக்கு முன்னால் இன்னொரு வழி எழுதியிருக்கிறது: பழைய குற்றத்துக்கே நேரடியாகத் தண்டனை கொடுக்கலாம். எதைச் செய்வது என்பது நீதிபதியின் விருப்பம். முதல் தடவைதானே என்று அபராதத்தோடு விட்டே தீர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஸ்பேனரால் அடித்த வழக்கு இன்னும் மூடப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்கு சம்மனும் வரலாம், நேராக வாரண்ட்டும் வரலாம். உங்கள் அண்ணனுக்கும் சம்மன் போகலாம்; பிணைத்தொகை அவர் தலையில் விழலாம். கணவரைவிட அண்ணனுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போடுபவர்களில் பாதிப்பேர் பத்திரத்தைப் படிப்பதே இல்லை.

பாண்டிச்சேரி விஷயம் எளிது. அவர் எழுதிக் கொடுத்தது ‘மது அருந்த மாட்டேன்’ என்று. ‘விழுப்புரத்தில் அருந்த மாட்டேன்’ என்று இல்லை. மாநில எல்லை தாண்டினால் பத்திரம் செல்லாமல் போகாது. அலுவலரின் அறிக்கை மட்டும்தான் ஆதாரம் என்றும் இல்லை. வேறு எந்த வழியில் தெரியவந்தாலும் நீதிமன்றம் கூப்பிடலாம். கல்யாண வீட்டில் யாரோ எடுக்கும் செல்போன் வீடியோ போதும். திரும்பி வரும்போது செக்போஸ்ட்டில் ஊதச் சொன்னாலும் போதும். இன்னொன்று, ‘100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை பரவாயில்லை’ என்ற கணக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கான மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ளது. பத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு மடக்கும் மடக்குதான்.

சரி, அரிஷ்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வக்கீலான என்னிடம் வருகிறவர்களில் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்கிற மருந்துகள். தசமூலாரிஷ்டமோ திராட்சாசவமோ, பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள்: தானாக உண்டாகும் ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பலவற்றில் பீர் அளவுக்கு, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். வைத்தியர் சொன்னபடி சாப்பாட்டுக்குப் பிறகு 15 மில்லி, சம அளவு தண்ணீர் கலந்து குடித்தால் அதை யாரும் மது அருந்தியதாகச் சொல்ல மாட்டார்கள். அது மருந்து. ஆனால் பாட்டிலைக் கடையில் வாங்கி, அளவு பார்க்காமல் மளமளவென்று ஊற்றிக்கொண்டால் அது மருந்தில்லை. நீதிபதிக்கும் அது தெரியும். குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹாலையே மெஷின் காட்டிவிடும். ஆகவே மருந்துச் சீட்டு எழுதி வாங்குங்கள், அளவு அதில் இருக்கட்டும், அலுவலரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். இருமல் சிரப்புக்கும் ஹோமியோபதி டிங்சருக்கும் இதே கதை. அஜீரணத்துக்கு ஆல்கஹால் இல்லாத சூரணம் இருக்கிறது; அதைக் கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ‘சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாமல் குடியை மறப்பார்’ என்று விற்கும் பொடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. சிலர், குடியை நிறுத்த டாக்டர்கள் எழுதித் தரும் டைசல்பிராம் மாத்திரையையே ரகசியமாகக் குழம்பில் கலக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால், ஏன், அரிஷ்டம் குடித்தாலும்கூட, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிந்து சாப்பிட வேண்டிய மாத்திரை அது. தினமும் குடித்தவர் என்றால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். கை நடுக்கம், வலிப்பு, பித்தம் பிடித்தது போல உளறல் எல்லாம் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

கோர்ட் வாசல் ஆளுக்கு வருகிறேன். எட்டாயிரத்தில் அலுவலருக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது என்பது என் அனுபவம். போனால் அது லஞ்சம், இன்னொரு வழக்கு. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஒரு புரோக்கருக்குக் கொடுத்து, ‘குடிநோயிலிருந்து குணமடைந்தார்’ என்று ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தார். அதில் சீல் இருந்தது, டாக்டர் பெயர் இருந்தது, தேதி மட்டும் ஒரு மாதம் தள்ளி, வராத தேதியாக இருந்தது. நல்லவேளை, என் குமாஸ்தா பார்த்துவிட்டார்.

நன்னடத்தை அலுவலர் போலீஸ்காரர் இல்லை. ஆலோசனை சொல்வதும், தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயல்வதும்கூட அவர் கடமை. அவர் மேஜையில் எத்தனை ஃபைல் குவிந்திருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும்; நாமாகப் போய்ப் பேசினால்தான் அவருக்கு உங்கள் கணவர் முகம் நினைவில் நிற்கும். போன மாதம் குடித்ததைப் பற்றி முதலில் உங்கள் வக்கீலிடம் பேசிவிடுங்கள். மருத்துவமனை ஓ.பி. சீட்டோடு அலுவலரைப் பாருங்கள். அவராகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். நடத்தை நன்றாக இருந்து, இனி கண்காணிப்பு தேவையில்லை என்று பட்டால், பிணையை முன்கூட்டியே முடிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும் அதிகாரமும் அவரிடம்தான் இருக்கிறது.

கண்காணிப்பு உத்தரவின் நகல் கையில் இருக்கிறதா? குற்றவாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில், ‘நாளைக்கு வாங்க’. இல்லையென்றால் நகல் மனு போடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்கு அழையுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். நகல் வந்ததும், ஊரைவிட்டுப் போக அனுமதி வேண்டும் என்று அதில் ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.